அண்ணன் வண்டி நிறுத்தப் போயிருக்கார்

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடிக் கூடத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் துளி சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். "ஒண்ணும் இருக்காது, எதுக்கும் பார்த்துடுவோம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த 'எதுக்கும்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக நான் தூங்கவில்லை. என் அம்மா போனதும் வயிற்றில் வந்த நோயில்தான்.

பயம் வந்தால் சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். நான் எதிரே இருப்பவர்களுக்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

இது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். நான் மயிலாப்பூரில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது என் மேஜையில்தான். படிவத்தில் பெயர், முகவரிக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆள் படிவத்தை நீட்டுவதற்குள் மனதுக்குள் நானே ஒரு தொழிலை எழுதிவிடுவேன். பிறகு கட்டத்தைப் பார்ப்பேன். வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தால், நாள் முழுக்க ஜன்னல் ஓரம் கையை வைத்து வண்டி ஓட்டுகிறவர். இடது கை விரல் நுனியில் கோடு விழுந்திருந்தால் வீணை. மயிலாப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ரவிக்கையின் தோள் தையலைப் பார்த்தால் தையல்காரர். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் என்னை 'ஜோசிய மேடம்' என்பார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்த ஆளோடு பேச எனக்கு எதுவும் இருக்காது. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

அன்றும் அப்படித்தான். முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தவர் மருந்து கம்பெனி விற்பனையாளர். அவருக்குப் பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண் பள்ளி ஆசிரியை. உள்ளங்கை ஓரத்தில் நீல மை. ஜன்னலோரம் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, முழுக்கை. வெள்ளி முடியைப் படிய வாரியிருந்தார். தங்க நிற பிரேம் போட்ட கண்ணாடி. நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கைபேசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். யாராவது கடந்து போனால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு லேசாகத் தலையை அசைத்தார். நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பழகியவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி. தப்பினால் பழைய காலத்துக் கல்லூரி முதல்வர். அவரை முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனபோது நர்ஸ் வந்தாள்.

"மேடம், உங்ககூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரலை. ஏன்?"

"மயக்க மருந்து குடுப்போம் மேடம். அட்டெண்டர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். முடிஞ்சதும் அவங்கதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இல்லன்னா செய்ய மாட்டாங்க."

இதை முன்பே சொல்லியிருக்கிறார்கள். தேதி கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்தே இருந்தது. எல்லாருடைய படிவத்தையும் வரி விடாமல் படிக்கிற நான் இதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து நாற்காலிக்காரர்களும் பார்த்தார்கள். என் வாய் தானாகச் சொன்னது:

"அண்ணன் வந்திருக்கார். வண்டி நிறுத்தப் போயிருக்கார்."

எனக்கு ஓர் அண்ணன் இருப்பது உண்மை. திருச்சியில் இருக்கிறார். அம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள், "இங்க ஒண்டியா என்ன பண்ணப் போற, எங்களோட வந்துடு" என்றார். நான் மாட்டேன் என்றேன். பேச்சு தடித்தது. கடைசியில் அவர், "அப்ப தனியாவே கிட" என்றார். நான், "கிடந்து காட்டறேன்" என்றேன். அதன் பிறகு நாலு வருஷமாக இரண்டு பேரும் பேசவில்லை. தினம் பல ரயில் போகிற திருச்சி ஒன்றும் நிலாவில் இல்லை. கர்வம்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல், யார் தயவும் இல்லாமல் ஐம்பத்தாறு வயது வரை வந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு இறுமாப்பு. ஆபீசில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் என்ன ஏது என்று விசாரிப்பார்களே என்று, திருப்பதி போகிறேன் என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன்.

கால் மணி கழித்து நர்ஸ் வந்தாள். "அண்ணன் வந்துட்டாரா மேடம்?" இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றேன். மறுபடி வந்தாள். போன் எடுக்க மாட்டேன் என்கிறார் என்றேன். மூன்றாவது தடவை அவள் குரலில் சலிப்பு வந்துவிட்டது. "இப்ப வரலைன்னா உங்க பேரை எடுத்துடுவோம் மேடம். அடுத்த தேதி பதினஞ்சு நாள் ஆகும்."

அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நூலகப் படிவத்திலும் கடைசியில் பிணையக் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. உங்களைத் தெரிந்தவர் ஒருவர் போட வேண்டும். அது இல்லாமல் வருகிறவர்களிடம் இதே குரலில்தான், "தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதினைந்து நாள் அந்தப் பயத்தோடு இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். எதிரே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார்.

என்னைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்துப் பேசினார். கணீரென்ற குரல்.

"மன்னிக்கணும்மா, நேரமாயிடுச்சு. வண்டி நிறுத்த இடமே இல்லை, ரெண்டு சுத்து சுத்திட்டு வரேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் நின்னுட்டிருக்க? உட்காரு. தண்ணிகூடக் குடிக்கலையே?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமாக என்னை 'நீ' என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஆபீசிலும் குடியிருப்பிலும் கடைத்தெருவிலும் நான் மேடம்தான். யாரோ ஒரு மனிதர் 'நீ' என்றதும் எடுத்த பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் படிவத்தை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக எழுதினார். அவ்வளவு நேரம் கூடத்துக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரை நர்ஸ் கவனித்திருக்கவில்லை; அவள் முகத்தில் மரியாதை வந்துவிட்டது.

உள்ளே போகும்போது, "செயின், வாட்ச், போன், பை எல்லாம் அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்றாள். ஒரு நொடி தயங்கினேன். அம்மாவின் சங்கிலி அது. பைக்குள் வீட்டுச் சாவி இருந்தது. என் முப்பது வருஷ வித்தையை அன்றுதான் முதல்முதலாகப் பணயம் வைத்தேன். நீதிபதி தப்பு செய்ய மாட்டார் என்று சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தேன்.

கண் விழித்தபோது பக்கத்துத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆங், இன்னா நைனா? இல்லப்பா, இன்னிக்கு டயாலிசிஸு. ஆஸ்பத்திரில குந்திகினு கீறேன். நாளிக்கு வரேன்னு சொல்லு. ஒயிட் அண்ட் ஒயிட்டு தானே? கீது, கீது."

திரை விலகியது. அதே வெள்ளைச் சட்டை, அதே கண்ணாடி. கையில் என் பை. எனக்கு மயக்கம் அப்போதே தெளிந்துவிட்டது. நீதிபதி இல்லை. கல்லூரி முதல்வரும் இல்லை. யார் இந்த ஆள்? ஏன் எனக்காகப் பொய் சொன்னார்? அவர் பையை நீட்டியதும் வெடுக்கென்று வாங்கினேன். அவர் எதிரிலேயே திறந்தேன். சங்கிலி இருக்கிறதா, சாவி இருக்கிறதா என்று துழாவினேன். எல்லாம் அப்படியே இருந்தன. சங்கிலியை ஒரு கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தார். அது அவருடைய கைக்குட்டை.

தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அவர்தான் பேசினார். "பாத்துக்கமா, எல்லாம் சரியா கீதான்னு. பாக்கணும், தப்பே இல்ல."

அந்த மரியாதையான குரலோடு இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் நான் பையைத் திறந்திருக்க மாட்டேன். பாஷை மாறியதும் திருடனாகிவிட்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது.

ஆட்டோ பிடிக்க அவர் கீழே போனார். என் கையில் மருத்துவமனைக் கோப்பு. வழக்கம்போல என் கண் படிவத்தில் தொழில் கட்டத்தைத் தேடியது. அந்தப் படிவத்தில் தொழில் கட்டமே இல்லை. பெயர், உறவு, கைபேசி எண், கையெழுத்து, அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். உறவு என்ற இடத்தில் 'அண்ணன்' என்று அழுத்தமாக எழுதியிருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டதால் வீடு வரை வந்தே தீருவேன் என்று அவரும் ஆட்டோவில் ஏறினார். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறதாம். செவ்வாய், வியாழன், சனி. இரண்டாவது மாடியில் நாலாம் நம்பர் படுக்கை. அந்த நாலு மணி நேரமும் மேலே அட்டெண்டர்கள் உட்கார இடம் பத்தாது என்று முதல் மாடிக் கூடத்துக்கு வந்துவிடுவாராம். அடையாறு பாலத்தின் மேல் ஆட்டோ நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"நீ இன்னான்னு நெனச்ச?"

"ஜட்ஜ்."

அவர் சிரித்தார். "அதுவும் பண்ணிகீறேன். ரெண்டு வாட்டி. டாக்டரு, கலெக்டரு, பொண்ணு வூட்டுப் பெரியப்பா. பெரியப்பா தான் ஜாஸ்தி. சினிமாவுல ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுமா நானு. கோடம்பாக்கத்துல தான் வூடு. முப்பத்தெட்டு வருசமா பின்னாடி நிக்கிறேன். மூஞ்சி கொஞ்சம் பெரிய மன்சன் மாரி கீதுன்னு ஒயிட் அண்ட் ஒயிட்டு போட்டு நிக்க வெச்சிடுவாங்க. நிக்கணும், தலைய ஆட்டணும். டயலாக்கு கெடையாது." சட்டையில் விழுந்த சாரலைத் தட்டிவிட்டார். "இன்னிக்குத் தான் எனக்கு மொத டயலாக்கு. உன் புண்ணியத்துல."

எனக்கு எந்த அண்ணனும் வரப்போவதில்லை என்று எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்டேன். "வர்ற ஆளுக்குக் காத்துகினு கீறவங்க வாசலப் பாப்பாங்க. நீ தரையப் பாத்துகினு இருந்த" என்றார்.

என் தெரு முனையில் என்னை இறக்கிவிட்டு, மாடி ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனார். நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. கைக்குட்டை என்னிடமே தங்கிவிட்டது.

ஒன்பது நாள் கழித்து வியாழக்கிழமை முடிவு வந்தது. வெறும் புண்தான், இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும் என்றார் டாக்டர். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைபேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். திருப்பதி போய் வந்ததாக நினைக்கிறவர்கள், கேஸ் சிலிண்டர், பால், லிப்ட் ரிப்பேர், அண்ணன். அண்ணன் பெயரில் விரல் நின்றது. பிறகு அதையும் தள்ளிவிட்டேன். கெட்ட செய்தியைத் தனியாகத் தாங்கிக்கொள்ள அந்த மூன்று வாரத்தில் பழகிவிட்டேன். நல்ல செய்தியை வைத்துக்கொண்டு தனியாக நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

துவைத்துத் தேய்த்த கைக்குட்டை பையில் இருந்தது. முதல் மாடிக் கூடத்தில் அவர் இல்லை. இரண்டாவது மாடிக்குப் போனேன். அங்கேயும் இல்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்காக வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.

கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நாலாம் நம்பர் பெட் அட்டெண்டர் யாருங்க?"

யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறை கேட்டாள். அந்தக் குரலில் எனக்குத் தெரிந்த சலிப்பு இருந்தது. நான் எழுந்தேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் யாருக்கும் நாத்தனாராக இருந்ததில்லை. சொந்த அண்ணிக்குக்கூடச் சரியாக இருந்ததில்லை. ஆனால் வார்த்தை தயாராக நின்றது. பிபி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கீழே போய் இந்த மருந்தை வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள். ஓடிப் போய் வாங்கி வந்தேன்.

படுக்கையில் மெலிந்த உருவம். நெற்றியில் பெரிய குங்குமம். "யாருமா நீ?" என்றார் கண்ணைத் திறந்து. விஷயத்தைச் சொன்னேன்.

"அடிப்பாவி, நீ தானா அது. ஜட்ஜுன்னியாமே." அவர் சிரித்த சிரிப்பில் கையில் சொருகியிருந்த குழாய் அசைந்து, நர்ஸ் அதட்டினாள்.

அவருடைய கணவர் எங்கே என்று கேட்டேன். "ரெண்டு மாசத்துல இப்ப தான் தொடர்ச்சியா மூணு நாளு வேல வந்துகீது. நான் தான் போவச் சொன்னேன். ஏதோ ஆஸ்பத்திரி செட்டாம். பேஷண்டோட சொந்தக்காரனாம். வெளிய பெஞ்சுல சோகமா குந்திகினு இருக்கணுமாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குழாய் இல்லாத கை சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உனுக்கு இன்னா சொன்னாங்க டாக்டரு?"

"வெறும் புண்ணுதானாம்."

"யார் யாராண்ட சொன்ன?"

"உங்ககிட்டதான் முதல்ல."

அவர் என் விரலை அழுத்தினார். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது சாப்பாடு யார் செய்வது என்று கேட்டார். நானேதான் என்றேன். "ஒருத்திக்குன்னு ஆக்குறது ரொம்ப கஷ்டம்மா. அளவே வராது" என்றார். என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டயாலிசிஸ் முடிகிற நேரத்துக்குக் கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காதோரம் பவுடர் கலையாமல் இருந்தது. "உங்க தங்கச்சி கூடவே இருந்தாங்க சார், கவலைப்படாதீங்க" என்றாள் நர்ஸ். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். நான் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைகளில் முடிந்தபோது போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். திருச்சிக்கு இன்னும் போன் செய்யவில்லை. எண்ணை எடுத்துப் பார்ப்பதோடு நிற்கிறது. நூலகத்தில் படிவத்தை நீட்டுகிறவர்களின் கையைத்தான் இப்போதும் முதலில் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் பிணையக் கையெழுத்து இல்லாமல் வருகிறவர்களிடம் அந்தப் பழைய கேள்வியை நான் கேட்பதில்லை. 'எனக்கு யாரும் இல்லை' என்று நாலு பேர் எதிரில் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியம் இல்லாமல்தான் ஒரு கார்த்திகைக் காலையில் அண்ணன் வண்டி நிறுத்தப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.